குரல் யாருடையது?

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் தென்புறத்திலே நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் திருச்சபை என்றொரு தேவாலயம். வானளாவும் கோபுரமில்லை, வரலாறு போற்றும் சிற்பமில்லை. முன்னாளில் படக்கொட்டகையாய் இருந்த கட்டடம் பின்னாளில் சபையார் கைக்கு வந்து வழிபாட்டிடம் ஆயிற்று. மேடையின் பின்சுவரில் ஆற்றுநீரிலே நிற்கும் ஏசுவின் ஓவியம். அந்நாளில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளிகள். அருகிலுள்ள வாட்ஸ் பகுதியில்தான் 1965 ஆகஸ்டில், அடக்குமுறை பொறாது மக்கள் கொதித்தெழுந்தனர். 34 உயிர்கள் மாய்ந்தன. அந்தப் புகை அடங்கி ஏழாண்டு நிறையுமுன், 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில், அத்தேவாலயத்தில் இசையரங்கு நிகழ்ந்தது. பாடியவர் அரேத்தா பிராங்க்ளின். அந்த இரவுகளைப் படமாக்கியவர் சிட்னி போலக். படத்தின் பெயர் ‘அமேசிங் கிரேஸ்’. வியத்தகு அருள் என்பது பொருள்.

படத்தைப் புகழாத விமரிசகர் இல்லை. “அற்புதம்” என்கிறார் ஒருவர். “விண்ணிலிருந்து இறங்கிய குரல்” என்கிறார் இன்னொருவர். பிறவியிலேயே அமைந்த பேறு என்று கைகூப்பி நிற்கிறார் மற்றொருவர். நாமும் படத்தைக் கண்டோம். ஒருமுறையன்று, மூன்று முறை கண்டோம். புகழ்ச்சியில் நமக்குப் பிணக்கில்லை. புகழும் முறையிலேதான் பிணக்கு. உழைத்துப் பெற்ற திறனை ‘அருள்’ என்று சொல்லிவிட்டால், உழைத்தவர் பெயர் மறைந்துவிடுகிறது. அதிலும், உழைப்பின் பயனை முந்நூறு ஆண்டுகளாகப் பிறர் பறித்துக்கொள்ளக் கண்ட ஓர் இனத்தின் கலையைப் பற்றி அவ்வாறு பேசுவது, பாராட்டுப்போல வந்து பறித்துச் செல்வதேயாகும்.

அரேத்தாவுக்கு அப்போது வயது 29. தந்தையார் சி. எல். பிராங்க்ளின் டெட்ராய்ட் நகரில் நியூ பெத்தேல் சபையின் போதகர்; அவருடைய சொற்பொழிவுகளே இசைத்தட்டுகளாக விற்றன என்றால் அவர் நாவன்மையை அளந்துகொள்ளலாம். நாடறிந்த பாடகியரான மகாலியா ஜாக்சனும் கிளாரா வார்டும் வந்துபோகும் வீடு அவ்வீடு. அங்கே வளர்ந்த சிறுமி தந்தையின் தேவாலயத்திலே பாடி, 14ஆம் வயதில் முதல் ஒலிப்பதிவைத் தந்தாள். அவளுக்குப் பியானோவிலும் பாட்டிலும் வழிகாட்டியவருள் ஒருவர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட்; அவரே 1972இன் அவ்விரவுகளை நடத்தினார். அவர் சேர்த்து வளர்த்த தென் கலிபோர்னியச் சமுதாயப் பாடற்குழு, வெள்ளிபோல் மின்னும் மேற்சட்டைகளோடு நடைபாதை வழியே பாடிக்கொண்டு நுழைகிறது. குழுவைக் கையசைவால் ஆள்பவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். (அமெரிக்கப் பணத்தாளில் முகம் பதிந்த அரசியலாளரும் இப்பெயர் தாங்கியவரே, நமக்கு வேண்டியவர் இவர்.) அவருடைய விரல் மடங்கினால் குரல்கள் அடங்குகின்றன, தோள் உயர்ந்தால் அலை உயர்கிறது. பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஒருங்கே பாடவைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அத்தனை வாய்களையும் ஒரே நொடியில் மூடவைப்பது எத்தனை நாள் பயிற்சியின் விளைவு என்பது. அருள் வந்து அதைச் செய்வதில்லை.

இந்த இசை தேவாலயத்துள் நுழைந்த கதையும் அருளால் நடந்ததன்று. 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த தாமஸ் டார்சி, மதுக்கூடங்களிலும் கூத்துமேடைகளிலும் ‘ப்ளூஸ்’ என்னும் துயர இசையை வாசித்துப் பிழைத்தவர். ‘ஜார்ஜியா டாம்’ என்பது அவர் மேடைப் பெயர். அந்த இசையின் நடையிலே இறைப்பாடல்களைப் புனைந்து சிகாகோவின் தேவாலயங்களுக்கு எடுத்துச் சென்றார். வாயில் திறந்ததா? இல்லை. வெள்ளையர் அன்று, அவர் இனத்தாரே மூடினர். படித்துப் பதவி பெற்று, நாகரிகம் என்றால் ஐரோப்பிய நாகரிகமே என்று கொண்டிருந்த பெரிய சபைகளில் ஹாண்டல், மெண்டல்சான் போன்றோரின் இசையே உயர்ந்தது, தெருவில் பிறந்த தாளம் தாழ்ந்தது, கைதட்டுவது இழிவு, உடலசைப்பது அதனினும் இழிவு. தம் மக்கள் தம் பண்ணிலே பாடினால் கடவுளுக்குச் செவி கூசும் என்று கருதிய பெருமக்கள் அவர்கள்! (இதைப் படிக்கும்போது தம் ஊர் நினைவு வருமானால் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.) பல தேவாலயங்களிலிருந்து துரத்தப்பட்டதை டார்சியே பின்னாளில் எடுத்துரைத்திருக்கிறார். 1932இல் மனைவி மகப்பேற்றில் இறந்தார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அத்துயரிலே அவர் இயற்றிய பாடல்தான் பின்னர் 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மகாலியாவின் குரலில் ஒலித்தது. அதே 1930களில் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் டார்சி பாடற்குழுவை நிலைநாட்டினார். அங்கே பாடிய சிறுவருள் ஒருவர்தான் நாம் மேலே கண்ட ஜேம்ஸ் கிளீவ்லண்ட். ஆக, 1972இல் திறந்திருந்த கதவு தானே திறந்ததன்று. நாற்பதாண்டு தட்டியதால் திறந்தது. அன்று மேடையிலே தாளக்கருவியில் பெர்னார்ட் பர்டியும் கிதாரில் கார்னெல் டுப்ரியும் அமர்ந்திருந்தனர். இருவரும் அரேத்தாவின் உலகியல் பாட்டுகளுக்கு வாசிப்பவர்கள். டார்சியின் காலத்துப் பெரியவர்கள் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பர்.

இனி, படத்துக்குப் பெயர் தந்த பாட்டுக்கு வருவோம். அதை எழுதியவர் யார்? ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேயர். மனிதரை விலங்கிட்டு அட்லாண்டிக் கடலைக் கடத்திய அடிமைக் கப்பலின் தலைவர்! 1748இல் புயலிலே சிக்கிப் பிழைத்தபோது மனம் திருந்தியதாகச் சொல்வார்கள். மனம் திருந்திய பின்னும் ஆறாண்டுக்காலம் அதே வாணிகத்திலேதான் இருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். பின்னர்ப் போதகரானார்; 1772இன் இறுதியில், புத்தாண்டு வழிபாட்டுக்கென்று இப்பாட்டைப் புனைந்தார். அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டதோ 1788இல். நேர்மையோடு சொல்வோம்: அந்நூலில் தம் குற்றத்தை அவர் மறைக்கவில்லை. எனினும், அருள் வந்ததற்கும் அறம் வந்ததற்கும் இடையே நாற்பதாண்டு!

அப்பாட்டு எழுதப்பட்டு ஏறக்குறைய இருநூறு ஆண்டு சென்றபின், அடிமைகளின் வழித்தோன்றலாகிய ஒரு பெண் அதை என்ன செய்கிறாள் என்பதைக் கேட்க வேண்டும். நியூட்டனின் அடிகள் நாட்டுப்புற நடையின. எளிய கணக்குக்குள் அடங்குபவை. பள்ளிப் பிள்ளையும் மூன்று நிமிடத்தில் பாடி முடிக்கலாம். அரேத்தாவோ பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். முதற்சொல்லின் ஓர் அசையையே நீட்டி, வளைத்து, மேலேற்றி, இறக்கி, நிறுத்திவிடுகிறார். அடுத்த சொல் வருமா என்று மன்றமே காத்திருக்கிறது. வருகிறது, ஆனால் நாம் எதிர்பார்த்த சுரத்தில் வருவதில்லை. தாளம் ஏறத்தாழ மறைந்துபோகிறது. கப்பல் தலைவனின் சொற்கள் ஒவ்வொன்றாய்க் கட்டவிழ்ந்து, மூச்சும் முனகலும் கூவலுமாய் உருமாறுகின்றன. பாட்டை அவர் பாடுகிறார் என்பதைவிட, எழுதியவனிடமிருந்து மீட்டெடுக்கிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த மீட்பிலே அவர் தனியாக இல்லை. ஒரு சொல் முடியுமுன் அவையிலிருந்து விடை எழுகிறது; விடை கேட்டுக் குரல் மேலும் ஏறுகிறது; ஏறக்கேட்டு அவை எழுந்து நிற்கிறது. முன்பாட்டுக்காரரும் பின்பாட்டுக்காரரும் எதிரெதிரே நின்று கட்டுகின்ற கட்டடம் இது. பருத்திக் காட்டில் வேலை செய்தோர் வழிவழியாய்க் கொண்டுவந்த முறை. நம் அரங்குகளிலே தலையசைத்துச் சுவைப்பவர்க்கு இது கூச்சலாகத் தோன்றலாம். இரண்டாம் முறை கேளுங்கள். எந்த இடத்தில் கூவ வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பதில் அந்தச் சபையார் யாரும் பிழை செய்வதில்லை. பியானோவிலிருந்த கிளீவ்லண்ட், இத்தொழிலிலே ஊறிய மனிதர், இடையிலே வாசிக்க முடியாமல் ஒதுங்கி அமர்ந்து, துணியால் முகத்தை மூடிக்கொண்டு விம்முகிறார். அதைப் பார்த்து நம் கண்ணும் கலங்கியது, மறைப்பானேன்?

குறையே இல்லையா? உண்டு. தொடக்கப் பாட்டு பதமாக வரவில்லை. குழுவும் பாடகியும் இன்னும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாத நிலை. முதல் இரவின் அவை, கருவிகளையும் விளக்குகளையும் கண்டு மிரண்டிருக்கிறது; இது தேவாலயம் என்பதை மறவாதீர் என்று கிளீவ்லண்ட் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாம் இரவு பின்வரிசையில் மிக் ஜாகர் நிற்பதைக் காட்டுகிறார்கள். வெள்ளை இசைக்காரர் வந்து சான்றளித்தால்தான் கறுப்புக் கலைக்கு மதிப்பு என்பதுபோல அந்த முகத்தைத் தேடிப் போவானேன்? அந்த நேரத்தைப் பாடற்குழுவிலே இரண்டாம் வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண்ணுக்குத் தந்திருக்கலாம்.

இவை சிறு குறைகள். நம்மை உறுத்துவது வேறொன்று.

படம் முழுவதும் அரேத்தா பேசுவதே இல்லை எனலாம். கிளீவ்லண்ட் பேசுகிறார், நகைச்சுவையோடு பேசுகிறார். இரண்டாம் இரவு தந்தையார் எழுந்து நெடுநேரம் பேசுகிறார். மகள் தேவாலயத்தை விட்டுப் போகவே இல்லை என்று அவைக்கு உறுதி கூறுகிறார். மகளோ அருகிலேயே இருக்கிறார். அவரைக் கேட்டால் அவரே சொல்லியிருப்பாரே! இத்தனைக்கும் அவர் வாயில்லாப் பூச்சியல்லர். 1967இல் ‘மதிப்பு’ வேண்டும் என்று பாடி ஒரு நாட்டையே எழுப்பியவர். 1970இல் ஏஞ்சலா டேவிஸ் சிறைப்பட்டபோது, பிணைத்தொகையைத் தாம் கட்டுவதாக முன்வந்தவர். அத்தகையவர் போதகர் நிற்கும் மேடையிலே நின்று பாடலாம், போதகராய்ப் பேசலாகாது. அந்நாளைய பாப்டிஸ்ட் சபைகளில் பெரும்பாலும் பெண்ணுக்கு அளந்த எல்லை அது. பிறகு அவர் பியானோ முன் அமர்ந்து பாடும்போது, தந்தையார் வந்து மகளின் முகத்து வியர்வையைத் துணியால் துடைக்கிறார். அன்புக் காட்சிதான். எனினும் மூன்று முறையும் நம் கண் தந்தையின் கைமீது செல்லவில்லை. பாட்டை நிறுத்தாத மகளின் கைகள்மீதே சென்றது.

பேசாத அப்பெண் பின்னாளில் ஒரே ஒரு சொல்லைப் பேசினார். அச்சொல் ‘வேண்டாம்’ என்பது.

கதை இது. போலக் படமெடுத்தபோது, ஒலியையும் காட்சியையும் பொருத்துவதற்குக் காட்சிதோறும் அடிக்க வேண்டிய பலகையை அடிக்கவில்லை. சுமார் 20 மணி நேரப் படச்சுருள் இருந்தும் உதடும் ஓசையும் சேரவில்லை. படம் பெட்டிக்குள் உறங்கியது. 2007இல் ஆலன் எலியட் என்பவர் சுருள்களை வாங்கினார்; 2008இல் போலக் மறைந்தார்; புதிய கணினி நுட்பம் பொருத்தும் வேலையை முடித்தது. அரேத்தா ஒப்பவில்லை. 2011இல் வழக்கு, 2015இல் மீண்டும் வழக்கு. டெல்லுரைடு திரைப்பட விழாவில் திரையிட இருந்த வேளையில் நீதிமன்றம் தடுத்தது. 2018 ஆகஸ்ட் 16இல் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் குடும்பத்தார் இசைவோடு நியூயார்க்கில் படம் திரையேறியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை!

“இவ்வளவு உயர்ந்த கலையை உலகுக்கு மறைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த இரவுகளின் இசை 1972இலேயே இரட்டை இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்காவில் 20 இலட்சம் விற்றதாகச் சான்றும் பெற்றது. தம் முகத்தையும் வியர்வையையும் பிறர் விற்பதற்குத்தான் உரிமை மறுத்தார். படம் தமக்குப் பிடித்தே இருக்கிறது என்று அவரே சொன்னதாகவும் செய்தி வந்தது. பிடித்திருக்கிறது, ஆயினும் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டா இல்லையா? வெள்ளையராகிய ஒரு பெரும் இசைமேதை சொல்லியிருந்தால் ‘கலைஞரின் தனித்தன்மை’ என்று போற்றியிருப்பார்கள். கறுப்பினப் பெண் சொன்னபோது ‘பிடிவாதம்’ என்றார்கள்.

நாம் மூன்று முறை பார்த்தோம் என்று முன்னரே சொன்னோம். அவர் வேண்டாமென்றதைப் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பார்த்ததற்கு வருந்துகிறோமா என்றால், கிளீவ்லண்ட் விம்மிய இடத்தை நினைக்கும்போது இல்லை என்கிறது மனம். நீதிமன்றத்தை நினைக்கும்போது ஆம் என்கிறது. இந்த இழுபறியைத் தீர்த்துவிட்டதாக நடிக்க நமக்கு விருப்பமில்லை.

படிப்போர்க்கு ஒன்று சொல்வோம். படத்துக்கு முன் இசைத்தட்டைக் கேளுங்கள். அது அவர் ஒப்பி வெளியிட்டது. தயாரிப்பாளர் மூவரில் ஒருவராக அவர் பெயரும் அதில் உண்டு. உறையின்மேல் கிளீவ்லண்டின் பெயரும் பாடற்குழுவின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன.