நகையும் இளிவரலும்: மேடையிலும் திரையிலும்

ஒரு கதை மேடையினின்று திரைக்கோ, திரையினின்று மேடைக்கோ பெயருங்கால், அக்கதை மாறிற்றா என்று வினவுதலே பெருவழக்காயுள்ளது. அவ்வினா பயனுடையதே; எனினும் போதியதன்று. நகையும் கொடுமையும் விரவிய அவலநகைக் கதையாயின், காண்போர் யாரை நோக்கி நகுகின்றனர், அந்நகை பெயர்ச்சியில் என்னாகின்றது என்று வினவுதலே முதற்கண் வேண்டப்படுவது. 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தையும் திரைப்படத்தையும் முதன்மையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டு 'ஹெதர்ஸ்' படத்தையும் அதன் இசைநாடகத்தையும் உடன் நிறுத்தி, அவ்வினாவிற்கு விடை காண முயல்கின்றோம்.

இம்முயற்சிக்கு வித்திட்டது ஒரு சிறு நிகழ்ச்சி. வடசென்னையில் தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது டோல்கேட். 2021-இல் திறக்கப்பெற்ற மெட்ரோ நிலையம் ஒன்றும் அப்பெயர் தாங்கியுள்ளது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்வோர் மிக்க அப்பகுதியில், எம் மாணவர் ஒருவர் இல்லத்தில், அத்தெருவின் பதின்பருவத்தார் சிலரோடு 'இரத்தக்கண்ணீர்' படத்தைக் கண்டோம். கதைத்தலைவன் மோகனசுந்தரம் செல்வச்செருக்கால் பிறரை ஏளனம் செய்தபோது அவர்கள் வாய்விட்டு நகைத்தனர். அவன் தொழுநோயுற்றுத் தெருவில் அலைந்தபோதும் நகைத்தனர். இவ்விரு நகையும் ஒன்றா, வேறா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன் கூறினார். இளிவரலுக்குக் கூறிய நான்கனுள் பிணியும் ஒன்று. எனவே, பிணியுற்றானைக் காணுமிடத்து நகை தோன்றுதல் அவர் வகுத்த முறையன்று. அவலநகை என இக்காலத்தார் வழங்குவது, எள்ளலும் பிணியும் ஓரிடத்தே வந்து பொருந்த, நகையும் இளிவரலும் ஒன்றையொன்று நெருக்கும் நிலை எனலாம். அந்நெருக்கத்தில் எது வெல்லும் என்பதைக் கதை மட்டும் முடிவு செய்வதில்லை. கதையைத் தாங்கும் வடிவமும் முடிவு செய்கின்றது.

திருவாரூர் தங்கராசு இயற்றிய 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தை எம். ஆர். இராதா ஊர்தோறும் நடித்துப் புகழ் பெற்றார். பின்னர் நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தார், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், அவரையே தலைவனாகக் கொண்டு அதனைப் படமாக்கி 1954-ஆம் ஆண்டு வெளியிட்டனர். வெளிநாட்டிலிருந்து மீண்ட மோகனசுந்தரம் தாயையும் மனைவி சந்திராவையும் புறக்கணிக்கிறான். காந்தா என்பாளிடம் பொருளை இழக்கிறான். நோயுற்றபின் அவளாலேயே துரத்தப்படுகிறான். இறுதியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம் செய்விக்கிறான். கதைப்போக்கைப் பொறுத்தவரை படம் நாடகத்தின் வழிப்பட்டதே.

வேறுபாடு கதையில் இல்லை. எள்ளல் செல்லும் திசையில் உள்ளது. இராதா மேடையில் எழுதிய உரையோடு நின்றாரல்லர். அன்றன்றைய செய்திகளையும் ஊர் நடப்பையும் உரையாடலிடையே புகுத்தி, அவையோரையும் தம் எள்ளலுக்கு இலக்காக்கினார். அவையும் எதிர்வினை காட்டும். அதற்கு அவரும் மறுமொழி கூறுவார். ஆதலின் மேடையில் நகைத்தவன், அடுத்த நொடியில் தானும் நகைக்கப்படலாம் என்பதை அறிந்தே நகைத்தான். திரையில் அவ்வாறன்று. 1954-இல் பதிவான சொல் இன்றும் அதுவே. டோல்கேட்டில் எம்மோடு இருந்த இளைஞரை நோக்கி இராதா ஒன்றும் கூற இயலாது. அவர்களுடைய நகைக்கு மறுமொழி இல்லை.

இத்தகைய வேறுபாட்டை எதிர்த்திசையில் காட்டுவது 'ஹெதர்ஸ்'. டேனியல் வாட்டர்ஸ் எழுத, மைக்கேல் லேமன் இயக்கிய அப்படம் 1989-இல் அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது. பள்ளி மாணவி வெரோனிகாவும் ஜே. டி. என்பானும் உடன்பயில்வோர் சிலரது சாவுக்குக் காரணமாகி, அவற்றைத் தற்கொலைபோல் தோன்றச் செய்கின்றனர். இறந்தோரைப் பள்ளியும் பெற்றோரும் பொய்ம்மைப் பரிவோடு போற்றுவதைப் படம் எள்ளுகிறது. லாரன்ஸ் ஓ'கீஃப், கெவின் மர்பி இருவரும் இயற்றிய இசைநாடகம் 2014-இல் நியூயார்க்கில் மேடையேறியது. படத்தில் ஜே. டி. தன் தாயின் சாவைச் சில சொற்களில் கூறிக் கடக்கிறான். இசைநாடகத்திலோ அவனுக்குத் தனிப்பாடல் உண்டு. அப்பாடல் அவனது தனிமையை விரித்துரைத்து அவன்பால் இரக்கம் தோற்றுவிக்கின்றது. பாட்டு நெகிழ்த்துவது, நெகிழ்ந்தவிடத்து எள்ளல் கூர்மழுங்கும். ஆயினும் அந்நாடகம் ஓர் ஈடு செய்துள்ளது. இறந்தோர் ஆவியுருவில் மேடைக்கு மீண்டு வெரோனிகாவைக் குத்திப் பேசுகின்றனர். அதனால் கொலையை மறந்து அவையோர் உருகிவிட இயலாது.

ஈண்டுக் கருதத்தக்கது மற்றொன்று. அவ்விசைநாடகத்தின் முதல் வடிவில், மாணவர் இருவர் வெரோனிகாவை வன்முறையால் நெருங்க முயல்வதை விளையாட்டாக்கி நகைக்கும் பாடல் ஒன்று இருந்தது. 2018-இல் இலண்டனில் மேடையேறியபோது அது நீக்கப்பட்டு வேறு பாடல் அமைக்கப்பட்டது. நகைக்கத்தகாததை நகைத்தோம் என்று உணர்ந்தால் மேடை தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது என்பதற்கு இது சான்று. இராதா ஒவ்வோர் இரவும் உரையை மாற்றியதும், இலண்டனில் பாடல் மாறியதும் மேடையின் அவ்வொரே ஆற்றலின் இரு வெளிப்பாடுகள்.

அங்ஙனமாயின் திரையில் நிலைத்த நகைக்குத் திருத்தமே இல்லையா? 'இரத்தக்கண்ணீர்' படத்துள்ளேயே ஓரளவு உண்டு என்பது எம் கருத்து. கு. சா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய 'குற்றம் புரிந்தவன்' என்னும் பாடலை நோக்குக. சி. எஸ். ஜெயராமனின் குரல் இரங்கிப் பாடுகிறது. இடையிடையே இராதாவின் குரல் உரைநடையாய்க் குறுக்கிடுகிறது. பாடல் உருக்க, பேச்சு அவ்வுருக்கத்தை வெட்டுகிறது. டோல்கேட் இளைஞர் பாடல் எழுந்தபோது அடங்கினர். பேச்சு எழுந்தபோது மீண்டும் நகைத்தனர். ஆனால் இம்முறை அந்நகை தயங்கி எழுந்தது. பிறரை இகழ்ந்து நகுதலும், பிறரால் இகழப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். படத்தின் முற்பகுதியில் மோகனசுந்தரம் முதல்வகை, பிற்பகுதியில் இரண்டாம்வகை. உடல் சிதைந்தும் நா அடங்காதவனாய், தன்னையே எள்ளுகிறான். ஆகவே அவன் வெறும் நகைப்பொருளாய் முடியவில்லை.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஒழுக்கக்கேட்டின் கூலியே தொழுநோய் என்று காண்போர் கொள்ளும்படி கதை அமைந்துள்ளது. அந்நோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின் அது முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. நோய் ஒழுக்கத்தின் தண்டனையன்று. இராதா இன்று மேடையேறின் இவ்வொரு செய்தியையும் தம் உரையில் சேர்த்திருப்பார் என்று கருத இடமுண்டு. மூடக்கருத்தைச் சாடுவதே அவர் தொழிலாயிருந்தது. படச்சுருள் அதனைச் செய்யாது.

ஆகவே யாம் காணும் முடிபு இது. மேடையின் நகை நடிப்போராலும் அவையோராலும் நாடோறும் திருத்தம் பெறும். திரையின் நகை அன்று தோன்றியபடியே நிற்கும். அதனைத் திருத்தும் கடமை காண்போரிடமும், அவர்க்குக் கற்பிப்போரிடமும் வந்து சேர்கின்றது. அன்று படம் முடிந்தபின் அவ்விளைஞரோடு நோயைப் பற்றிச் சிறிது நேரம் பேசினோம். அவர்களுள் ஒருவர் இறுதிப்பகுதியை மீண்டும் காண விரும்பினார். இரண்டாம் முறை நோயாளன் தெருவில் வந்தபோது எவரும் நகைத்திலர். அவன் தன்னைத்தானே எள்ளிப் பேசியபோது மட்டும் நகைத்தனர். அந்நகையே இப்படத்திற்கு உரியது என்பது எம் துணிபு.