வீட்டு சர்வரை வெளியிலிருந்து எட்டுவது எப்படி?

தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர் என்று குடியேறியவர்களில் கணினித் துறைக்காரர்கள் ஏராளம். சானடோரியத்தில் மெப்ஸ், ஜி.எஸ்.டி. சாலையிலேயே ஸ்ரீராம் கேட்வே, தெற்கே மகிந்திரா சிட்டி என்று அலுவலகங்கள் இந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. அவர்களில் சிலர் வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் ஓட்டுகிறார்கள். குடும்பப் புகைப்படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சொந்தமாக ஒரு வலைத்தளம் என்று அதில் எல்லாம் இருக்கும்.

இது நல்ல பழக்கம், வளர வேண்டிய பழக்கம். நம் வீட்டுப் படங்கள் நம் வீட்டு வட்டில் இருப்பதைவிட இயல்பானது எது? மின்செலவும் பயப்படும்படி இல்லை. 5 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை, இரண்டு மாதத்தில் 7 யூனிட் அளவே எடுக்கும். பழைய மேசைக் கணினியைப் போட்டு 50 வாட் இழுக்கவிட்டால் 70 யூனிட்டைத் தாண்டும். மின்வாரியம் தரும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆகவே, சின்னக் கருவியே போதும்.

சிக்கல், வீட்டை விட்டு வெளியே வந்ததும் தொடங்குகிறது. அலுவலகத்திலிருந்தோ ஊரிலிருந்தோ அந்த சர்வரை எட்ட வழி வேண்டும். பல வருடங்களாக எல்லோரும் சொல்லிவந்த வழி போர்ட் ஃபார்வேர்டிங். ரவுட்டரில் 443 என்ற போர்ட்டைத் திறந்து சர்வரின் பக்கம் திருப்பிவிடுவது. மாறிக்கொண்டே இருக்கும் ஐ.பி. முகவரிக்கு டைனமிக் டி.என்.எஸ். சேவையில் ஒரு பெயர் வைத்துக்கொள்வது.

இன்று பல வீடுகளில் இந்த வழி வேலையே செய்யாது. ஐ.பி.வி.4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கும் கடைசித் தொகுப்பிலிருந்து அளந்து கொடுக்கும் நிலை வந்தது. அதனால் பிராட்பேண்ட் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் தெருக்கதவு எண் மட்டும் தெரிந்து, உள்ளே எந்த வீடு என்று தெரியாமல் தபால்காரர் நிற்பது போன்ற நிலை இது. உள்ளிருந்து போகும் கோரிக்கைக்குப் பதில் சரியாக வந்துவிடும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்குத்தான் வழி தெரியாது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இந்த ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறீர்கள். வெளியே வர நிலையான ஐ.பி.யைத் தனிக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும்.

கட்டணம் கட்டிப் போர்ட்டைத் திறந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல், சுமார் 60 ஆயத்தக் கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தை அது தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே முடங்கின. வீட்டு சர்வரில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளையும் வாராவாரம் புதுப்பிக்க நமக்கு நேரம் இருக்கிறதா? தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வாரத்தில்?

இதற்கு மாற்றாகப் பரவியிருப்பது கிளவுட்ஃபிளேர் டனல். 2021 முதல் இலவசம். வீட்டுக்குள்ளிருந்தே ஒரு நிரல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்போடு இணைப்பை உண்டாக்கிக்கொள்வதால் பொது முகவரி தேவையில்லை, போர்ட் திறக்கவும் வேண்டாம். டொமைன் பெயர் ஒன்று இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் தளம் உலகத்துக்குத் தெரியும். எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இந்த வசதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த எச்.டி.டி.பி.எஸ். பூட்டு பிரிக்கப்படுவது அவர்களின் இயந்திரத்தில். அங்கே உள்ளடக்கம் திறந்த நிலையில் கடந்துதான் உங்களிடம் வருகிறது. பெரிய நிறுவனங்களிடம் படங்களைக் கொடுக்க வேண்டாம் என்று சொந்த சர்வர் வைத்தவர், அதே படங்களை இன்னொரு பெரிய நிறுவனத்தின் கையில் கொடுத்து வாங்குகிறார். இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்.பி.க்கு மேல் ஏற்றவும் முடியாது. கல்யாண வீடியோ ஏறாமல் நின்றுவிடுவது இதனால்தான். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் சில மணி நேரம் தடுமாறியபோது அதை நம்பிய பல தளங்களும் சேர்ந்தே விழுந்தன. எல்லோரும் படிக்க வைத்திருக்கும் வலைத்தளத்துக்கு டனல் பொருத்தம். குடும்பப் படங்களுக்குப் பொருத்தமில்லை.

அவற்றுக்கு வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள். 2020-இல் லினக்ஸ் கர்னலிலேயே சேர்க்கப்பட்டது. நாலாயிரம் வரி அளவிலான சிறிய நிரல் என்பதால் பிழை தேடுவோருக்கு முழுதாகப் படிக்க முடிகிறது. சரியான சாவி இல்லாத அழைப்புக்கு அது பதிலே சொல்லாது; துழாவும் நிரலுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இதன்மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல், பொது முகவரி இல்லாத வீடுகளையும் இணைத்துவிடுகிறது. சாவிகள் நம் கருவிகளிலேயே இருப்பதால் இடையில் யாரும் படிக்க முடியாது. உள்நுழைவுக்கு அவர்களின் சேவையை நம்ப வேண்டியிருப்பது இதன் குறை. வீட்டுப் பெரியவர்களின் போனிலும் செயலியை நிறுவி, அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த குறை.

என் வாக்கு, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐ.பி.வி.6-க்கும் வயர்கார்டுக்கும் சேர்த்து. 2016-இல் ஜியோ வந்தபின் நம் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐ.பி.வி.6 கிடைத்துவிட்டது; ஃபைபர் வந்த பல வீடுகளுக்கும் உண்டு. போன், வீடு இரண்டிலும் அது இருந்தால் இடைத்தரகர் வேண்டாம். ரவுட்டரில் ஒரு யூ.டி.பி. போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போன் நேராக வீட்டுக்கு வந்துவிடும். நிறுவனம் தரும் ரவுட்டரில் இந்த அமைப்பு பூட்டியிருப்பதும் உண்டு. பூட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது, கேட்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒரு குறை நம் வட்டாரத்தோடு ஒட்டியது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் சிறிய யு.பி.எஸ். வைத்தால் காலை ஒன்பது மணிக்குப் போகும் பராமரிப்பு மின்தடையைச் சமாளிக்கலாம். தெருவே இருண்டு, கேபிள்காரரின் கருவியும் அணைந்தால் வீட்டு சர்வரை யாராலும் எட்ட முடியாது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தேடுவதும் அந்த நாளாகத்தான் இருக்கும். தரைத்தளத்தில் வைத்த சர்வரென்றால் வட்டும் தண்ணீரில் போய்விடும்.

சர்வர் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும், கருவியை மாடிக்கு ஏற்றுங்கள். ஐப்பசி பிறக்கும் முன், பூட்டிய ஒரு பிரதியைத் திருச்சியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டு வட்டில் வைத்துவிடுங்கள்.