கல்லைப் பிடுங்கியது யார்?

உங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்றால் சந்தோஷம்தானே? எனக்கும்தான். ஆனால் ஜே.சி.பி. வந்துபோன மறுநாள் ஓரத்து மண்குவியலைக் கொஞ்சம் பாருங்கள். உடைந்த குழாய்த் துண்டுகளோடு ஒரு கருங்கல் கிடக்கலாம். டிரைவருக்கு அது வெறும் கல். உங்களுக்கு அது சர்வே கல். சாலைக்குத் தப்பிய கல் குடிநீர்க் குழாய்க்குப் போகும். அதற்கும் தப்பினால் இருக்கவே இருக்கிறது, கேபிள் குழி.

போனால் என்ன, பட்டா இருக்கிறதே என்பீர்கள். பட்டா 'எவ்வளவு' என்று சொல்லும்; 'எங்கே' என்று சொல்லாது. அதைச் சொல்வது எஃப்.எம்.பி. என்கிற புலப்படம். அதில் இருப்பதெல்லாம் கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்து அளந்த தூரங்கள். (ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க்ஸ்.) அதனால்தான் சர்வேயர் வந்ததும் முதலில் பழைய கல்லைத் தேடுகிறார். ரெண்டு மூணு கிடைத்தால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துவிடுவார். சாலையோரம் வரிசையாக எல்லாமே போயிருந்தால்? வரப்பு, வேலி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஞாபகம்... அப்புறம் முன்சீப் கோர்ட். சாலைக்கு எடுத்தது போக உங்கள் மீதி நிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டவும் அதே கல்தான் வேண்டும்.

'இப்பதான் சாட்டிலைட்ல அளக்கறாங்களே சார்?' அளக்கலாம். கருவியை வைத்த இடம் எது என்று சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும். உங்கள் தாத்தா காலத்தில் கல் நட்ட இடம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? சங்கிலி காலத்துப் படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாதே.

சட்டம் இன்னும் வேடிக்கை. 1923-ஆம் வருடத்து சர்வே, எல்லைகள் சட்டப்படி கல்லைப் பராமரிக்க வேண்டியது நிலத்துக்காரர். கெடுதல் செய்யும் எண்ணத்தோடு அரசு நட்ட எல்லைக் குறியை நகர்த்தினால் ஒரு வருடம் வரை ஜெயில். முன்பு இ.பி.கோ. 434, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 326. பக்கத்து வயல்காரர் நாலு அடி தள்ளி நட்டால் மாட்டுவார். மிஷின் வைத்து ஒரு கிலோமீட்டருக்குப் பிடுங்கியவர், 'தெரியாம போச்சு சார்' என்றால் தீர்ந்தது. அப்புறம் மனு எழுதி, பணம் கட்டி, சர்வேயருக்குக் காத்திருப்பது நீங்கள்.

இத்தனைக்கும் காப்பாற்றுவது பெரிய வித்தையில்லை. தோண்டுமுன் கல்லிலிருந்து கோயில் சுவர் மூலை, கிணற்று விளிம்பு, பாலத்துக் கட்டைச்சுவர் என்று அசையாத மூன்று இடங்களுக்கு டேப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சர்வேயரை வைத்துத் திரும்ப நட வேண்டும். அவ்வளவுதான். மரம் வெட்ட, மின்கம்பம் மாற்ற என்று டெண்டரில் ரேட் போடுகிறவர்கள் கல்லுக்கும் ஒரு வரி போடட்டும். சர்வேயர் கையெழுத்து இல்லாமல் கடைசி பில் பாஸாகாது என்று சொல்லிப் பாருங்கள், ஜே.சி.பி. தானாக வளைந்து போகும்.

அதுவரை, தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கே நீங்கள் ஒரு டேப்பையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்துவிடுவது நல்லது.