பிடியரிசியும் ஏலத் தேங்காயும்

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்த கையோடு பந்தலடியில் மேசை போட்டு ஏலம் தொடங்கிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை ஊர்களில் இது பழகிய காட்சி. வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கால் கட்டிய சேவல் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஒலிபெருக்கி முழங்க முழங்க, கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் தேங்காய் ஆயிரத்தைத் தாண்டும். எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்தால், அதே தேங்காய் மறுபடியும் ஏலத்துக்கு வரும். பெயரும் தொகையும் அறிவிக்கப்படும், கைதட்டல் எழும். இதில் பக்தி எவ்வளவு, பவிசு எவ்வளவு?

முதலில் இதன் நல்ல பக்கம். கையில் பணம் புழங்காத வீட்டிலும் நாலு முட்டையோ ஒரு கட்டு முருங்கைக்காயோ இருக்கும். அதையும் ஆலயத்துக்குள் கொண்டுவரலாம் என்பதே பெரிய விஷயம். பிழைப்பு தேடிச் சென்னைக்கும் மும்பைக்கும் போனவர்கள் ஊர் திரும்பவும் இந்தப் பண்டிகை ஒரு காரணம். தன் காலில் நிற்கும் சபை என்ற எண்ணமும் இங்கே வேர்விட்ட ஒன்றுதான். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா முன்னின்று 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியப் பணத்தையும் இந்திய ஊழியர்களையும் நம்பியே எழுந்தது.

முதற்பலன் படைக்கும் வழக்கத்துக்கு வேதத்திலும் ஆதாரம் உண்டு. உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில், விளைச்சலைக் கூடையில் எடுத்து வருகிறவன் ஆசாரியன் முன் நின்று ஓர் அறிக்கை சொல்கிறான். முன்னோரின் அலைச்சல், எகிப்தின் அடிமைத்தனம், கிடைத்த விடுதலை, கிடைத்த நிலம் எல்லாம் அதில் வருகின்றன. கூடையின் மதிப்பு மட்டும் வரவில்லை.

நம் ஏலத்தில் ஒலிபெருக்கி சொல்வதோ அந்த மதிப்பை மட்டுமே. முருங்கைக்கு நீர் ஊற்றியவள் யாரென்று யாருக்கும் தெரியாது. விலைக்கு எடுத்தவர் பெயர் ஊருக்கே தெரியும். பங்காளிச் சண்டை உள்ள இரண்டு குடும்பங்கள் விட்டுக்கொடுக்காமல் கேட்டால் தொகை ஏறும், வசூல்காரருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மத்தேயு 5-இல் இயேசு சொன்ன வரிசை வேறு: காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். பகையை வைத்தே காணிக்கையைப் பெருக்கினால், பெட்டி நிறையும், வழிபாடு வெறுமையாகும்.

எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூத மரபு நூலான மிஷ்னா கூறுகிறது. செல்வர்கள் போட்ட நாணயங்களின் சத்தம் நடுவே ஓர் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு செப்புக்காசு விழுந்திருக்கும். அதைக் கவனித்தவர் இயேசு ஒருவர்தான்.

"உள்ளத்தை அளக்க நீ யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைக்குமா என்றிருந்த பிள்ளை எழுந்து நடந்த நன்றியில் ஒருவர் ஆயிரம் ரூபாய்க்குத் தேங்காய் எடுத்திருக்கலாம். அந்த மனசை எடைபோட எவருக்கும் உரிமையில்லை. ஏற்பாட்டைக் கேள்வி கேட்கலாம். உண்மையான நன்றியையும் வெறும் பெருமையையும் ஒரே கைதட்டலால் வரவேற்கும் ஏற்பாடு, நல்ல மனசுக்காரரையும் மெல்லக் கெடுக்கும்.

இதே சபைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. உலை வைக்கும் முன் அளந்த அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் போட்டு வைப்பது, பிடியரிசிக் காணிக்கை. அடுப்படியில் பார்க்க ஆளில்லை. இன்று போடாமல் விட்டாலும் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு வேளையும் அந்தக் கை கலயத்துக்குப் போகிறதென்றால், அது விசுவாசம்.

ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பும் கூட்டமும் சபைக்கு வேண்டும். ஆனால் அடுத்த பண்டிகையில் எடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்காமல், ரசீதில் மட்டும் எழுதிப் பாருங்கள். அதன்பின் வரும் தொகை குறைவாக இருந்தாலும், அதுதான் காணிக்கை.