டெண்டர் திறந்த பிறகு

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. அரசு வேலை யாருக்குப் போக வேண்டும் என்பதை இந்தச் சட்டம் மிகுந்த அக்கறையோடு வரையறுக்கிறது. டெண்டர் அறிவிப்பு மாவட்ட, மாநில டெண்டர் இதழ்களில் வெளியாக வேண்டும். விண்ணப்பிக்கப் போதிய அவகாசம் தர வேண்டும். குறைந்த விலை கேட்டவருடன் மட்டுமே விலைக் குறைப்பு பேசலாம். முடிவில் குறை இருப்பதாகக் கருதும் ஒப்பந்தக்காரர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை சிறிய சாதனை அல்ல. வேண்டியவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பழக்கத்துக்கு எதிரான சட்ட ஆயுதம் இது.

ஆனால் இந்தக் கண்டிப்பு பணி ஆணையோடு தளர்ந்துவிடுகிறது. மக்கள் பணம் செலவாகத் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான்.

செலவின் அடிப்படை ஆவணம் அளவுப் புத்தகம். களத்தில் இதை எம்-புக் என்பார்கள். உதவிப் பொறியாளர் வேலையை அளந்து இதில் பதிகிறார், மேலதிகாரி சரிபார்க்கிறார், அதன் பேரில்தான் பில் போடப்படுகிறது. பக்கங்களுக்கு எண் உண்டு, தாளைக் கிழிக்கக் கூடாது, தவறான எண்ணை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஏட்டளவில் இதைவிடக் கறாரான முறை அரிது. எனினும் அதன் நம்பகம் முழுவதும் அளக்கும் நேரத்தைப் பொறுத்தது. அடித்தளக் குழியின் ஆழத்தையும் தளத்துக்குள் கட்டிய கம்பியின் கனத்தையும் மூடுவதற்கு முன் அளந்தால்தான் உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு எழுதப்படும் அளவு வெறும் வரைபடத்தின் நகல். ஒரே பொறியாளர் பல வேலைகளைக் கவனிக்கும் இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

அடுத்தது பில் பணம். வருமான வரிக்கு 1 அல்லது 2 சதவீதம், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் ஜிஎஸ்டிக்கு 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி, நிறுத்திவைப்புத் தொகை எனப் பிடித்தங்கள் போக மீதிதான் ஒப்பந்தக்காரர் கைக்கு வரும். பிடித்தங்களுக்குக் காரணம் உண்டு. குறை தாமதத்தில் இருக்கிறது. நிதி ஒதுக்கீடு தவணையாக வருவதும், மதிப்பீடு திருத்தப்படுவதும் பில்லை மாதக்கணக்கில் முடக்குகின்றன. ஒதுக்கீடு காலாவதியாகும் மார்ச் 31-ஐ ஒட்டிக் குவியும் பில்களை நிதானமாகச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வேலையில் தாமதம் செய்யும் ஒப்பந்தக்காரருக்குத் தண்டத்தொகை உண்டு; பில்லைத் தாமதிக்கும் அலுவலகத்துக்கு நடைமுறையில் ஏதும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் கெடுவும் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் விதிக்கிறது என்றாலும், கட்டுமான ஒப்பந்தம் இதில் அடங்குமா என்பதே வழக்காகிறது. தாமதத்தின் வட்டியை ஒப்பந்தக்காரர் அடுத்த டெண்டரில் விலையோடு சேர்த்துவிடுவார். முதல் இல்லாத சிறியவர் களத்தைவிட்டே விலகுவார். இந்த முறையின் மிகப் பெரிய அநீதி இதுவே.

குறைந்த விலைக்கே வேலை என்ற விதி அதிகாரியின் விருப்புவெறுப்பைத் தடுக்கிறது. கட்டுப்படியாகாத விலை கேட்பவரை அது தடுப்பதில்லை. அந்த நட்டம் சிமென்டிலும் தாரிலும் ஈடுகட்டப்படும். ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிமுறைகள் இரண்டு குறைகளையும் தொட்டன: பணிகளுக்கான டெண்டர்களை மதிப்பிடுகையில் தரத்துக்கு 30 சதவீதம் வரை எடை தரலாம், நடப்புப் பில்லில் 75 சதவீதத்தைப் பத்து வேலை நாளில் வழங்க வேண்டும். முதலாவதில் மதிப்பெண் இடும் குழுவின் நேர்மை புதிய கேள்வியாகிறது. இரண்டாவது தயக்கமின்றி வரவேற்கத் தக்கது.

தணிக்கையாளர் வருவது வேலை முடிந்து நெடுநாள் கழித்து. அதனால் தரத்தைப் பணத்தோடு பிணைக்கும் வழியே பயன் தரும். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை போட்டவரே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் ஏற்கிறார். மோசமாகப் போட்ட சாலை அவர் கையைத்தான் கடிக்கும். பராமரிப்பு நிதியை மாநிலங்கள் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத ஆண்டில் அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது.