‘ஹரிதாஸ்’ காட்டியதும் காட்டாததும்

மற்றவரினின்று வேறுபட்ட பிள்ளையைச் சிரிப்புப் பொருளாக்குவது தமிழ்ப் படவுலகின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு விலகி, ஆட்டிசமுள்ள சிறுவனை மதிப்போடு காட்டியது, 2013-இல் குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’. தகப்பனாகக் கிஷோரும் ஆசிரியையாகச் சினேகாவும் நடித்த அப்படம், மாயமருந்தாலோ நேர்த்திக்கடனாலோ சிறுவனை மாற்றிக் காட்டவில்லை. அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

நிற்க. படம் இறுதியில் சிறுவனை நெடுந்தூர ஓட்டக்காரனாக்குகிறது. ஓடத் தெரியாத பிள்ளைக்கு மதிப்பில்லையா என்று கேட்கிறோம். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிள்ளை பள்ளி வயதை எட்டிய பின்பே கதை தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளைப் பற்றிப் படம் விரிவாகப் பேசவில்லை.

அவ்வாண்டுகளே அருமையானவை. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி இந்நிலையை உலகறியச் செய்தார். பின்னர்ச் சிலர் தாயின் அன்பின்மையே காரணமென்று பழி சுமத்தினர். தாமே அத்தகைய பிள்ளையின் தகப்பனான பெர்னார்டு ரிம்லாந்து 1964-இல் அப்பழியை மறுத்து நூல் எழுதினார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரலால் சுட்டாமை முதலிய குறிகள் இரண்டு வயதுக்குள்ளேயே தெரியக்கூடும். அப்போதே விளையாட்டின் வழியாகவும் பேச்சுப் பயிற்சியின் வழியாகவும் உதவினால், ஆட்டிசம் அகலாவிடினும், பிள்ளை தன் தேவையை உணர்த்தும் வழி பெருகும். நம் நாட்டு அரசாங்கத் தாய்சேய் மருந்தகங்களில் 18-ஆம் மாதத்திலேயே இதற்கான வினாக்களைக் கேட்கும் முறை உண்டு. தேசிய ஆட்டிசச் சங்கமும் நெடுங்காலமாக இயங்கி வருகிறது.

அப்படியிருக்க, ஷா ஆலத்திற்கு அப்பால் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம் செய்ததென்ன? பேசாத இரண்டு வயது மகனை மருந்தகத்திற்குக் கொண்டுபோக ஒரு நாள் விடுப்புக் கேட்டு வந்தாள் ஒரு தாய். “ஆண்பிள்ளை மெல்லத்தானம்மா பேசும்” என்று ஆறுதல் கூறித் திருப்பியனுப்பினோம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் சொல்லென்று அவள் நம்பிவிட்டாள். அப்பிள்ளைக்கு இன்று ஏழு வயது. பயிற்சி சென்ற ஆண்டுதான் தொடங்கியது.

நாற்று வாடினால் அன்றே மேலதிகாரிக்கு எழுதும் நம் பேனா, அன்று அந்த விடுப்புச் சீட்டை எழுதவில்லை. படத்தின் குறையை எடுத்துக்காட்டும் நாம், நமது குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஆறுதல் சொல்லிக் காலங்கடத்தும் வழக்கம் நம் சமூகத்திலிருந்து ஒழியவேண்டும். ஐயம் தோன்றிய அன்றே பிள்ளையை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.