அட்வான்ஸ் கொடுத்தாச்சா?

ஒரு வருஷம் முன்னாலேயே மண்டபம், சமையல், போட்டோ எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் கல்யாணத்தைத் திட்டமிட்டாச்சு என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அட்வான்ஸ் வேறு, திட்டம் வேறு.

மார்கழியில் கல்யாணம் கூடாது என்பதால் கார்த்திகை முகூர்த்தங்களுக்கு அடிதடி. திருவண்ணாமலையில் தீபமும் அதே கார்த்திகையில்தான். தேதியும் ஒரே இடத்தில் நிற்காது: 2023-ல் நவம்பர் 26, 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. முகூர்த்தம் பார்த்தவர் பஞ்சாங்கத்தில் பக்கத்திலேயே இருக்கும் தீபத்தைப் பார்ப்பதில்லை. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பெரியப்பா, பட்டு வேட்டியோடு கிரிவலக் கூட்டத்தில் நடந்து வருகிறார். (புண்ணியம் இலவசம்.) டீலர் மீட்டிங் வைக்கும் கம்பெனிகளும் இதே ரகம். பேனர் ரெடி, ரூம் கிடைக்காது.

கோயிலைப் பாருங்கள். நாம் பந்தக்கால் நடுவது இரண்டு மூன்று நாள் முன்னால். தீபத்துக்கு இரண்டு மாதம் முன்பே நட்டுவிடுகிறார்கள். 3,000 கிலோவுக்கு மேல் நெய், கொப்பரை, 1,000 மீட்டர் திரி, எல்லாம் 2,668 அடி உயர மலைக்கு மனிதர் தோளில்தான் போகிறது. 2024 டிசம்பர் 1-ம் தேதி அந்த மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். 12 நாள் கழித்து தீபம். பக்தர்கள் மலையேறத் தடை போட்டார்கள். ஜோதி மட்டும் மாலை 6 மணிக்கு எரிந்தது.

உங்கள் மண்டபக்காரரிடம், "அன்றைக்கு மழை கொட்டினால் என்ன ஏற்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அட்வான்ஸ் திரும்பி வராது சார்" என்பார்.